விவரமாக எழுதிய ஜெபம்

லெந்து என்கிற தவக்காலம் வந்துவிட்டால் அந்த மடத்தில் ஆளுக்கொன்றை விட்டுவிட வேண்டும். ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் அதைத் தொடக்கூடாது. மதர் காபியை விட்டார். அதனால் முதல் இரண்டு வாரம் மதருக்குத் தலைவலி, மற்றவர்களுக்கு மதரே தலைவலி. சலவை சிஸ்டர் சர்க்கரையை விட்டார். இன்னொரு சிஸ்டர் ஒவ்வொரு வருஷமும் பீட்ரூட்டை விடுவார், மற்ற நாளிலும் அவர் அதைத் தொடமாட்டார் என்பது ஆண்டவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில். மண்டி சிஸ்டர் அந்த வருஷம் கோபத்தை விட்டார். சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, எல்லார் முன்னாலும் அதை அறிவித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன ஆகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மடத்துக்கு வருமுன் அவர் காய்கறி மண்டியில் இருந்தவர், அதனால்தான் அந்தப் பெயர். மூட்டை தூக்கிய தோள், ஏலம் கூவிய தொண்டை. முப்பது வயதில், தன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்த ஒரு தரகனின் தலையில் இரண்டு கிலோ எடைக்கல்லால் ஒன்று போட்டார். மண்டை பிளந்தது. ஆள் பிழைத்துக்கொண்டான். அவன் கீழே விழுந்து கிடந்தபோது இன்னொன்று போட வேண்டும் என்று கை துடித்ததே, அதற்குப் பயந்துதான் ஆங்கிலிக்கன் சபைக் கன்னியர்களின் மடத்து வாசலில் வந்து நின்றார். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது சமையலறை அவருடைய ராஜ்ஜியம்.

லெந்து நாட்களில் மடத்துக் கூடத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு யார் வந்தாலும் சூப்பும் ரொட்டியும் உண்டு. வேலை போனவர்கள், வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் சோறு இல்லாதவர்கள், சோறு இருந்தும் பேச ஆள் இல்லாதவர்கள், எல்லாரும் வருவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, மீந்ததைத்தான் சிஸ்டர்கள் சாப்பிடுவார்கள். மிஞ்சாத நாளும் உண்டு. அந்த நாட்களில் மண்டி சிஸ்டர் பானையைச் சுரண்டும் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

சாம்பல் புதனுக்கு மறுநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி ஒரு பெண்ணைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்தாள். அவள் ஒரு தையல்காரி. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மேல்பல்லையும் கீழ்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தார்கள். இடது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்கவில்லை. காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. பிடுங்கின இடம் இன்னும் சிவப்பாக இருந்தது.

"புருஷன்," என்றாள் நர்ஸ். "தையல் மிஷினோட மூடி இருக்குல்ல, அந்த மர மூடி, அதால தாடையில அடிச்சிருக்கான். விரலைக் கதவிடுக்குல வெச்சு சாத்தியிருக்கான்."

"எதுக்கு?" என்று கேட்டார் மண்டி சிஸ்டர்.

"சாப்பாடு ஆறிப்போச்சாம்."

மண்டி சிஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. கோபத்தை விட்டு முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு, வெட்டுப்பலகையில் இருந்த பெரிய பூசணியைக் கத்தியால் பிளந்தார். பிறகு பிளந்ததைப் பிளந்தார். அன்றைக்கு சூப்பில் பூசணி தூளாகிப்போயிருந்தது.

தையல்காரியைச் சலவை அறைக்கு மேலே இருந்த சின்ன அறையில் வைத்தார்கள். அங்கே ஒரு பெண் தங்கியிருக்கிறாள் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது; மடத்தின் சட்டங்களிலேயே அதுதான் கெட்டியான சட்டம். தினம் மூன்று வேளை மண்டி சிஸ்டர் சூப்பை மெல்லிய துணியில் வடிகட்டி, உறிஞ்சுகுழலோடு எடுத்துக்கொண்டு மேலே போவார். முதல் வாரம் அவள் கதவோரம் முதுகை ஒட்டி நின்றே குடித்தாள். இரண்டாவது வாரம் கட்டிலில் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் கம்பி கட்டிய பல்லுக்கிடையில், "உப்பு பத்தல சிஸ்டர்," என்றாள். அதைக் கேட்டு மண்டி சிஸ்டருக்கு அழுகை வந்துவிட்டது. குறை சொல்லும் அளவுக்குப் பெண் தேறிவிட்டாளே!

இவளை மட்டும் முழுசாக மீட்டு அனுப்பிவிட வேண்டும், அந்த லெந்துவில் அவருக்கு வேறு வேண்டுதல் கிடையாது. இதே ஆசைதான் வினையாகவும் முடிந்தது.

மடத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. லெந்து நாட்களில் ஜெபிக்க வேண்டியவர்களின் பட்டியலைக் கூடத்துச் சுவரில் ஒட்டுவார்கள். சாப்பிட வருகிறவர்கள் சும்மா வாங்கித் தின்றோம் என்று கூச வேண்டாம், நீங்களும் யாருக்காவது ஜெபித்துவிட்டுப் போங்கள் என்பது ஏற்பாடு. பெயர் எழுதக் கூடாது, துன்பத்தை மட்டும் எழுதலாம். மற்றவர்கள் "நோயுற்ற ஒரு சகோதரருக்காக", "மனம் சோர்ந்த ஒரு தாய்க்காக" என்று சுருக்கமாக எழுதுவார்கள். மண்டி சிஸ்டருக்கு அது பிடிக்காது.

"டாக்டர்கிட்ட போய் 'உடம்பு சரியில்ல'ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தா மருந்து குடுப்பாரா? எங்க வலிக்குதுன்னு சொல்ல வேணாமா?" என்பார்.

அதனால் அவர் விவரமாக எழுதினார். 'தாடை உடைந்து கம்பி கட்டியிருக்கும், இடது கையில் இரண்டு விரல் மடங்காத, தையல் வேலையில் கெட்டிக்காரியான ஒரு சகோதரிக்காக.' பெயர் இல்லை, ஊர் இல்லை, எங்கே இருக்கிறாள் என்றும் இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. மதர் தலைவலியோடு பட்டியலின் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், படித்தாரா என்பது அவருக்கும் அவர் விட்டுவிட்ட காபிக்கும்தான் வெளிச்சம்.

நாலாவது வாரத் திங்கட்கிழமை டயர்காரன் சூப்பு குடிக்க வந்தான்.

அவன் டயர்க்கடைக்காரன் என்பது நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பிலிருந்தே தெரிந்தது. நல்ல மரியாதைக்காரன். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினான். பக்கத்தில் இருந்த கிழவருக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தான். சாப்பிட்டு முடித்து, சுவரோரம் நின்று பட்டியலை மேலிருந்து கீழே படித்தான். ஓர் இடத்தில் விரலை வைத்து வெகுநேரம் நின்றான். இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டியலை இப்படி மனசுவைத்துப் படித்த ஆளை மண்டி சிஸ்டர் பார்த்ததில்லை.

"பாவம் சிஸ்டர் இந்தப் பொண்ணு," என்றான். "இப்ப எப்படி இருக்காங்க?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. ஆனால் ஓநாய்க்கு நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

"தேவலாம்பா," என்றார் மண்டி சிஸ்டர். "போன வாரம் கம்பியை எடுத்தாச்சு. கஞ்சி மாதிரி குழைச்சுக் குடுத்தா சாப்பிடுறா. நேத்து ஒரு கிண்ணம் காலி."

"நீங்களே ஊட்டுறீங்களா? பெரிய மனசு சிஸ்டர் உங்களுக்கு. நானும் அவங்களுக்காக ஜெபிக்கணும். எங்க வந்து ஜெபிக்கிறது?"

புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? மண்டி சிஸ்டர் கரண்டியை வைத்துவிட்டு விளக்கமாகவே சொன்னார். "வெள்ளிக்கிழமை காலையில பத்தரைக்கு லித்தானியா. நீளமான ஜெபம். எங்க வீட்டுல இருக்கிற அத்தனை பேரும் சிற்றாலயத்துல முழங்கால்ல இருப்போம், முக்கால் மணி நேரம் யாரும் எழுந்திரிக்க மாட்டோம். நீயும் வாப்பா. பின் பெஞ்சுல உக்காந்துக்கலாம்."

"கண்டிப்பா வர்றேன் சிஸ்டர்," என்றான் அவன்.

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் தன் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மணி அடித்தது. அடுப்பில் சூப்பு இருப்பதால் மண்டி சிஸ்டர் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போகலாம் என்று அனுமதி உண்டு. சலவை சிஸ்டரும் போகவில்லை. எழுபது வயது, முழங்கால் மடங்காது, சலவை அறையிலேயே துணி பிழிந்தபடி ஜெபிப்பார். மண்டி சிஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். டயர்காரன் வந்திருப்பானா என்று நினைத்துக்கொண்டேதான் நடந்தார். அப்போது சலவை அறையில் தகர வாளி உருண்டது. கூடவே கம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

உள்ளே சலவை சிஸ்டர் ஈரத் தரையில் பக்கவாட்டில் கிடந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது. பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. மாடிப்படியில் டயர்காரன் இறங்கி வந்துகொண்டிருந்தான். வலது கையில் டயர் நெம்புகிற இரும்புக் கம்பி. இடது கையில் தையல்காரியின் முடி. அவளைப் படிக்குப் படி இழுத்து வந்தான். ஒவ்வொரு படியிலும் அவள் இடுப்பு மோதியது. அவள் கத்தவில்லை. கத்தினால் அடி கூடும் என்று பழகிய பெண். மூக்கால் மட்டும் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கணத்தில் மண்டி சிஸ்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பட்டியலில் வைத்த விரல், பெரிய மனசு, பத்தரை மணி. பெயர் எதற்கு? தான் உடைத்த எலும்பு எதுவென்று உடைத்தவனுக்குத் தெரியாதா?

"விடுடா அவளை," என்றார்.

"வழி விடு சிஸ்டர். இது என் பொண்டாட்டி. உன் ஜெபத்தையெல்லாம் உள்ள போய் வெச்சுக்கோ." அதே மரியாதைக் குரல்தான், ஒரு வார்த்தை உயரவில்லை.

அவர் நகரவில்லை. கம்பி வந்தது. தலையைத் திருப்பினதால் காதோடு போயிற்று. காதின் மேல்பாதி கிழிந்து கழுத்தில் சூடாக ஓடியது. அடுத்த வீச்சு முன்கையில் விழுந்தது. மூன்றாவதுக்கு அவன் கையை ஓங்கினபோது, மண்டி சிஸ்டர் தொட்டியிலிருந்து பிழியாத படுக்கை விரிப்பு ஒன்றை வாரி அவன் தலைமேல் வீசினார். தண்ணீரோடு பத்து கிலோ இருக்கும். அவன் கண்ணும் மூக்கும் வாயும் அதில் ஒட்டிக்கொண்டன. முடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் துணியைப் பிய்த்தான். அவர் அவன் முட்டியில் உதைத்தார். முட்டி பின்பக்கமாக மடங்கியது. கம்பி தரையில் விழுந்து உருண்டது.

இதோடு காரியம் முடிந்தது. இனி தையல்காரியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திக் கத்தினால் போதும். இதை அவரே பிறகு மதரிடம் சொன்னார், நான் இட்டுக்கட்டவில்லை.

ஆனால் அவர் கம்பியை எடுத்தார்.

முதல் அடி அவன் மணிக்கட்டில். இரண்டாவது அடி மற்றக் கையில். சிற்றாலயத்திலிருந்து லித்தானியா கேட்டது. மதர் ஒரு வரி சொல்வார், மற்ற எல்லாரும் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்வார்கள், மறுபடி ஒரு வரி, மறுபடி அதே பதில். ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் அடி விழுந்தது. விலாவில், தோளில், மறுபடி விலாவில். விரிப்புக்குள்ளே அவன் முதலில் கெட்ட வார்த்தை சொன்னான், பிறகு ஐயோ அம்மா என்றான், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளை விரிப்பில் சிவப்பு ஊறிப் பரவியது. மண்டி சிஸ்டர் நிறுத்தவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிப்போட்ட கை அவிழ்ந்துவிட்டது, அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் இந்தக் கதையிலேயே பயங்கரமான விஷயம்.

"போதும் சிஸ்டர்! போதும்! செத்துருவான்!"

யாரோ பின்னாலிருந்து கையைப் பிடித்துத் தொங்கினார்கள். யார் என்று அவர் பார்க்கவில்லை. முழங்கையை முழு பலத்தோடு பின்னால் இடித்து உதறினார். எலும்பில் எலும்பு மோதியது. சுவரில் யாரோ போய் விழுந்தார்கள்.

திரும்பினார். தையல்காரி சுவரடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரத்துக்கு முன் கம்பி எடுத்த தாடையை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் சொட்டியது. கண் மட்டும் மண்டி சிஸ்டரின் கையில் இருந்த கம்பியை விட்டு நகரவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. டயர்காரன் பிழைத்துக்கொண்டான்; ஒரு காலும் இரண்டு கையும் ஐந்து விலா எலும்பும் முறிந்திருந்தன, வார்டு வாசலில் காவல் போட்டார்கள், அங்கிருந்து நேராகச் சிறைக்கு. சலவை சிஸ்டரின் தோளில் தகடு வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் மண்டி சிஸ்டரின் தையல் போட்ட காதைப் பார்த்துவிட்டு, "தற்காப்புன்னு எழுதிடறேன் சிஸ்டர். இந்த மாதிரி ஆளுக்கு இதுவே கம்மி," என்றார். சூப்பு குடிக்க வந்தவர்கள் கைதட்டினார்கள். மண்டி சிஸ்டர் அவர்கள் பக்கம் திரும்பாமல் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதர் கைதட்டவில்லை. நாலு நாள் கழித்துத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அவன் கீழ விழற வரைக்கும் நான் உன் பக்கம்," என்றார். "அதுக்கப்புறம் எத்தனை அடி?"

"எண்ணல மதர்."

"சலவை சிஸ்டர் கீழ கிடந்து எண்ணியிருக்காங்க. பதினேழு."

மண்டி சிஸ்டர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"பட்டியல்ல நானும்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பழி ரெண்டு பேருக்கும். நீ மட்டும் சுமக்க வேணாம்," என்றார் மதர். "அந்தப் பொண்ணு வேற அடைக்கல வீட்டுக்குப் போகணும்ங்கிறா. நாளைக்குக் காலையில வண்டி வருது."

"ஏன் மதர்? அவன்தான் இனிமே வர முடியாதே!"

"அவனுக்குப் பயந்து போகல," என்றார் மதர்.

அன்று மண்டி சிஸ்டர் சமைத்ததை யாரும் குறை சொல்லவில்லை, அவரோ ஒரு வாய் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ரொட்டியைப் பாலில் ஊற வைத்து, மசித்து, சூடு தாங்கும் டப்பாவில் அடைத்தார். இன்னொன்றில் வடிகட்டின சூப்பு, இந்த முறை உப்பு சரியாக. இரண்டையும் ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

தையல்காரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் கம்பி. தாடை பழைய இடத்திலேயே விட்டிருந்தது. மடியில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான் அவளுடைய சொத்து.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா," என்றார் மண்டி சிஸ்டர். வாசலிலேயே நின்றார். "அவனுக்கு நீ இங்க இருக்கறதைக் காட்டிக் குடுத்தது நாந்தான். தெரிஞ்சு பண்ணல. உன்னைப் பத்தி விவரமா எழுதி ஒட்டினேன், அவன் கேட்டப்ப பெருமையாப் பேசினேன். என்னை மன்னிச்சிரு."

"மதர் சொன்னாங்க," என்றாள் அவள், பல்லுக்கிடையில். "அதுக்கு எனக்குக் கோபம் இல்ல சிஸ்டர். எனக்காக யாரும் அவ்வளவு விவரமா எதுவும் கேட்டதில்ல."

"அப்புறம் ஏம்மா போற? உன் தாடையை வேணும்னு இடிக்கலம்மா. நீன்னே எனக்குத் தெரியாது."

"தெரியும் சிஸ்டர். நீங்க வரலைன்னா நான் இன்னிக்கு உயிரோட இல்ல. அதை எங்க போனாலும் சொல்லுவேன்." அவள் பையின் வாரைத் திருகினாள். "அவர் என்னை அடிக்கிறப்ப ஒரு அஞ்சாறு அடிக்கப்புறம் முகம் மாறிடும். கோபமெல்லாம் போயிடும். சந்தோஷமா இருப்பாரு. அது வந்துட்டா அப்புறம் நிறுத்தவே மாட்டாரு. அன்னிக்கு உங்க முகத்துல அதைப் பாத்தேன். ராத்திரி கண்ணை மூடினா அவர் முகம் வரல சிஸ்டர், உங்க முகம் வருது."

இல்லை என்று சொல்ல மண்டி சிஸ்டர் வாயைத் திறந்தார். பொய் வரவில்லை.

"ஆமாம்மா," என்றார். "சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

வெளியே வண்டியின் சத்தம் கேட்டது. சாப்பாட்டுப் பையைக் கொடுக்க மண்டி சிஸ்டர் இரண்டடி முன்னால் வந்து கையை நீட்டினார். தையல்காரியின் கை தானாக மேலே போய் முகத்தை மறைத்தது. நாற்காலி தரையில் கிறீச்சிட்டுப் பின்னால் நகர்ந்தது. "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்," என்று கைக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். "நானா பண்ணல, அதுவா வருது."

மண்டி சிஸ்டர் பையை மேஜையில் வைத்தார். ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய், சுவரில் முதுகு படும் வரை போய் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எடுத்துக்கோம்மா. சூடா இருக்கறப்பவே குடிச்சிரு," என்றார்.

அவள் எழுந்து, அவரைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்து வந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வண்டியின் கதவு சாத்தப்பட்டது. அது தெருமுனை திரும்பி, சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகும் மண்டி சிஸ்டர் கையை முன்னால் கொண்டுவரவில்லை.